ஆசிட்டில் போட்ட அறுபது போல்ட்

சாமி,

போன வாரம் நீ உன் அம்மாவுக்குப் போன் செய்து, கோயம்புத்தூரில் சொந்தமாகப் பட்டறை போடுவதாகவும், தை பிறந்ததும் திறப்பு என்றும் சொன்னாயாம். "விளக்க அப்பாவே ஏத்தட்டுங்ம்மா, அவருகிட்டச் சொல்லுங்க" என்றும் சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொல்லும்போதே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். உன் பட்டறையில் விளக்கேற்றுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா இல்லையா என்பது மூன்று வருசமாக உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாமல் இருந்தது. உனக்கும் தெரியாது என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் இப்போது போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வரும். நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் வருசா வருசம் போடுகிற மலருக்கும் ஒரு நகல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். "குடும்ப சமாச்சாரமுங்களே, இதெல்லாம் எதுக்குங்க?" என்று மலர் போடுகிறவர் தயங்கினார். உன்னை நாலு பேர் பார்க்க அடித்தவன், மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் அது கணக்கில் சேராது என்று சொன்னேன். அவர் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் குறித்துக்கொண்டார்.

முதலில் என் தொழில் புத்தியைச் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நான் லாரிச் சக்கரத்து ஆள். நாமக்கல்லில் முப்பத்தைந்து வருசம் லாரி டிஸ்க்கைத்தான் கழற்றினேன், தட்டினேன், பற்றவைத்தேன், மாட்டினேன். லாரி போல்ட் கட்டைவிரல் தடிமன் இருக்கும். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி அதன்மேல் ஏறி நின்று மிதித்தால்தான் எனக்கு முறுக்கிய திருப்தி வரும். துரு ஏறியிருந்தால் சுத்தி, அதற்கும் மசியாவிட்டால் ஆசிட், அதற்கும் மசியாவிட்டால் கேஸ் கட்டிங். பொறுமை என்ற சாமானை என் பட்டறையில் நான் வாங்கி வைத்ததே இல்லை. நீ படிப்பு முடித்து வந்து கார் சக்கரம் செய்யப் போகிறேன் என்றபோது, "பொம்மை வண்டிக்குச் சக்கரம் மாட்டப் போறானாம்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தவன் நான்தான். அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நீ முதன்முதலாக அந்த மூன்று துண்டுச் சக்கரத்தைப் பிரித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு வளையம், நடுவில் முகம்; இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது சுற்றிவர இருக்கிற முப்பது குட்டி போல்ட். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. இதை நம்பியா ஒரு கார் ஓடுகிறது என்று கேட்டேன். "ஒண்ணொண்ணும் கொஞ்சங் கொஞ்சமாத் தாங்குதுங்ப்பா" என்றாய். உள்ளே பழைய பசை இறுகியிருந்ததால் சூடு காட்டி, இளகவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினாய். கழற்றியதை டப்பாவில் கொட்டவில்லை. முட்டை அட்டை ஒன்றை எடுத்து, எந்தத் துளையின் போல்ட்டோ அந்த எண்ணை எழுதி, குழிக்கு ஒன்றாக நிறுத்தினாய். ஒரு அட்டைக்கு முப்பது குழி, ஒரு சக்கரத்துக்கு முப்பது போல்ட். நாமக்கல்காரனுக்கு இதைவிடத் தோதான பெட்டி எங்கே கிடைக்கும்? அப்புறம் மண்ணெண்ணெயில் ஊறவைப்பாய். பித்தளைப் பிரஷ்ஷால்தான் தேய்ப்பாய், இரும்புப் பிரஷ் மேல்பூச்சைக் கீறும் என்பாய். மரையின் இடுக்கில் நூலை விட்டு இழுத்து அழுக்கெடுப்பாய். கண்ணாடித் துண்டின்மேல் உருட்டி வளைவு பார்ப்பாய், அளவுகோலில் வைத்து நீண்டிருக்கிறதா என்று பார்ப்பாய். ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் முடித்து வைத்தபோது அந்த முப்பதும் நேற்று வார்த்தெடுத்த மாதிரி இருந்தன. அன்றைக்கு உன்னைப் பாராட்டியிருக்க வேண்டும். "சரி, சாப்பிடப் போ" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். மோகனூர் சாலையில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் தன் பழைய வெளிநாட்டுக் காரின் நாலு சக்கரத்தையும் உன்னை நம்பி விட்டிருந்தார். அவருடைய தீவன லாரிகளுக்கு நான் வேலை செய்துகொண்டிருந்தேன். காரை உன்னிடம் கொடுத்தது நீ என் மகன் என்பதற்காக. பூஜைக்கு வண்டிக்கு மாலை போட வேண்டும் என்று கேட்டிருந்தார். நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும். சாமி முன்னால் வைத்த ஸ்பேனரை மறுநாள் வரை தொடமாட்டோம். பாதி வேலை கிடக்கப் பூஜை போட்டால் அந்த வருசம் முழுக்க எல்லா வேலையும் பாதியிலேயே நிற்கும் என்று என் முதலாளி சொல்லி நான் பிடித்துக்கொண்டது. பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. வளையங்கள் சேருமிடத்தில் காற்றுப் போகாமல் பூசுகிற பசை காய ஒரு நாள் வேண்டும். நீ இரண்டு சக்கரத்துக்கான அறுபது போல்ட்டை முடித்திருந்தாய். இன்னும் அறுபது அழுக்கோடு இருந்தது. பசை வாங்க நீ சேலத்துக்குப் பஸ் ஏறினாய். "வந்து பாத்துக்கறேன், நீங்க தொட வேண்டாங்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

தொட வேண்டாம் என்று சொன்னதே எனக்கு உறுத்திவிட்டது. என் பட்டறையில், என் மகன், என்னைத் தொடாதே என்கிறான். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்குச் சொல்வேன். எனக்கு மட்டும் அது பொருந்தாது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி அறுபதையும் ஒரே கொட்டாகக் கொட்டினேன். சொரசொரவென்று நுரைத்தது. ஒரு மணி நேரத்தில் வெள்ளிக்காசு மாதிரி வெளியே வந்தன. தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி, முட்டை அட்டையில் கண்ட குழியில் கண்ட போல்ட்டை நிறுத்தி வைத்தேன். மூன்று நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்த பெருமையில் டீயும் குடித்துவிட்டு வந்தேன்.

நீ வந்து அட்டையைப் பார்த்தாய். ஒன்றை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய். "எதுலங்ப்பா கழுவுனீங்க?" என்றாய். அப்போது பண்ணைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், இரண்டு டிரைவர்களும் இருந்தார்கள். "மண்ணெண்ணெயிலதாண்டா. உன்னாட்டப் பல்லு வெளக்கற பிரஷ்ஷ வெச்சுத் தடவிக்கிட்டு இருந்தா அடுத்த பூஜை வந்துரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அப்பா, இந்த அறுபதும் வேண்டாங்ப்பா. புதுசு வரவெச்சு மாட்டிக்கலாம், அவருகிட்ட நான் பேசிக்கிறனுங்க" என்றாய். நான் மெதுவாகப் பேசவில்லை. "எனக்கே தொழில் சொல்லித் தர்றயாடா நீ? முறுக்குடா" என்று கத்தினேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு குனிந்து முறுக்க ஆரம்பித்தாய். அளவு காட்டுகிற ஸ்பேனரை வைத்து, எதிரெதிராக, சொன்ன அளவுக்கு ஒரு இம்மி கூட்டாமல் குறைக்காமல் அறுபதையும் நீ முறுக்கியதை நான் நின்று பார்த்தேன். பார்த்தேன் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் அந்தக் கார் சேலம் போகிற வழியில், மல்லூர் தாண்டி, முன் சக்கரத்தில் திடீரென்று காற்றுப் போய்ச் சாலை நடுவில் இருக்கிற தடுப்பில் உரசி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மகளுக்கு, எட்டு வயசுப் பிள்ளை, இடது கை முறிந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு வந்து நம் பட்டறை வாசலில் போட்டார்கள். அந்த முன் சக்கரத்தில் வரிசையாக ஏழு போல்ட்டுக்குத் தலை இல்லை. பண்ணைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி உன்னை அறைந்தேன். இருபத்தேழு வயசுப் பிள்ளையை. "அளவு தெரியாம முறுக்கி அறுத்துப்புட்டயேடா, ஒரு கொழந்தை உசுரு போயிருக்குமே" என்று, உண்மையிலேயே நீதான் அறுத்தாய் என்பது போலக் கத்தினேன். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். நான் தோளுக்கு மிஞ்சினவனை எனக்கு மறைப்பாக நிறுத்தினேன். நீ கன்னத்தைக்கூடத் தடவவில்லை. கையில் இருந்த ஸ்பேனரை அதன் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே போனாய். அந்த வாரமே கோயம்புத்தூர் போய்விட்டாய்.

அப்போது எனக்குத் தெரியாதா என்று நீ கேட்கலாம். பாதி தெரியும். மீதியை அடுத்த வாரம் தெரிந்துகொண்டேன். வாசலில் கிடந்தவற்றில் அறாமல் இருந்த இன்னொரு சக்கரத்திலிருந்து ஆசிட் போல்ட் ஒன்றையும், நீ கையால் கழுவியதில் ஒன்றையும் எடுத்து, பட்டறையைச் சாத்திவிட்டு வைஸில் கடிக்கவைத்துச் சுத்தியால் அடித்தேன். உன்னுடையது வளைந்தது, அறவில்லை. என்னுடையது இரண்டாம் அடியிலேயே சாக்குக்கட்டி மாதிரி ஒடிந்தது. முலாம் பூசுகிற ஒருவரிடம் வேறு யாருக்கோ நடந்த மாதிரிக் கேட்டேன். "கெட்டி இரும்பு போல்ட்ட ஆசிட்டுல போடவே கூடாதுங்க. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள பொடிஞ்சு கெடக்கும். முறுக்கி ரெண்டு மூணு நாள் கழிச்சுத் தானா அறும்" என்றார். நாள் கணக்குக்கூடச் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருசம் மறைத்தேன். உன் கல்யாணத்தில் நீங்கள் இருவரும் என் காலில் விழுந்தபோது, நல்லா இருங்க என்று சொல்ல வாய் எழும்பாமல் தலையை மட்டும் தொட்டேன். சந்தோசத்தில் அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை என்று உன் மாமனார் சொன்னார்.

விளக்கேற்ற நீ கூப்பிட்ட மறுநாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, எம்பையன் தீவாளிக்கு வந்தாலும் ஒரு ராத்திரி தங்காமப் போறானே, நான் வந்த மருமக மேல இல்லீங்க பழி போட்டுட்டு இருந்தேன்? மனசுக்குள்ள அந்தப் புள்ளைய எத்தன திட்டுத் திட்டியிருப்பேன்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மொதல்ல அந்தப் பண்ணைக்காரருகிட்டப் போயி உள்ளதச் சொல்லிப்போட்டு வாங்க. அதுவரைக்கும் எங்கூடப் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மீதிக் காயை நறுக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கே போனேன். பண்ணை வாசலில் கிருமி மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பண்ணைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க வாங்க, என்னுங்க இந்தப் பக்கம்? லாரி எதாச்சுங்களா?" என்றார். உட்காராமல் நின்றபடியே, "அந்தச் சக்கரம்ங்க. போல்ட்டு அறுந்ததுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டினார். "அட, அத விடுங்க. அதான் உங்க பையன் அன்னிக்கே வந்து சொல்லிட்டானுங்களே" என்றார்.

என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கே வந்தானுங்க. கன்னம் வீங்கிக் கெடந்துச்சு. 'போல்ட்ட ஆசிட்டுல போட்டது நாந்தானுங்க. அப்பா வேண்டாம்னாரு, நாந்தான் அவசரத்துல போட்டுட்டேன். தப்பு எம்மேலதான், அப்பா கைவேலைல ஒரு கொறையுமில்லீங்க, அவருகிட்ட லாரிய விடாம இருந்துராதீங்க'ன்னு சொல்லி எம்புள்ள காலத் தொட்டுட்டுப் போனான். எனக்குக் கோவம்தானுங்க. கார் வெச்சிருக்கற நாலு பேருகிட்ட அந்தப் பையங்கிட்டக் குடுத்துராதீங்கன்னு நானே சொன்னேன். ஆனா உங்கள வுடலீங்களே, இன்னிக்கு வரைக்கும் எல்லா லாரியும் உங்ககிட்டத்தான வருது?" என்றார்.

சாமி, நான் அதுவரைக்கும் ஒரு குற்றத்தைத்தான் சுமந்துகொண்டு போயிருந்தேன். அங்கே நின்ற இடத்தில் அது இரண்டாக ஆனது. ஆசிட்டில் போட்டது நான் என்று, அன்றைக்கு உன் அம்மாவிடம் சொல்லும்வரை, எவரிடமும் சொன்னதில்லை. நீ சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் அட்டையைப் பார்த்த அந்த நிமிசத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் அறைந்தபோதும் தெரிந்திருக்கிறது. நாமக்கல்லில் உனக்குக் கார் வேலை வராமல் போனதும், நீ ஊரைவிட்டுப் போனதும், என் பட்டறை வாசலில் தீவன லாரி நின்றதும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. மூன்று வருசமாக நான் சாப்பிட்டது உன் பேரைக் கெடுத்துக்கொண்டு நீ எனக்குப் போட்ட சோறு.

"போட்டது அவனில்லீங்க, நானுங்க" என்றேன். அவருக்குச் சட்டென்று புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவன் வேண்டாம் என்றான், நான் மிரட்டி முறுக்கச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை, இப்போது வளர்ந்துவிட்டாள், சைக்கிளை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அவளிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தன் அப்பாவைப் பார்த்துவிட்டு, "அப்ப ஆஸ்பத்திரில அந்த அண்ணன் எதுக்குங்க அழுதாங்க?" என்று கேட்டாள். கிளம்பும்போது பண்ணைக்காரர் என்னுடன் வாசல் வரைக்கும் வந்தார். கடைசியில், "நாஞ் சொன்ன நாலு பேருகிட்ட நானே போயி மாத்திச் சொல்லிக்கிறனுங்க. நீங்க பையங்கிட்டச் சொல்லுங்க" என்றார். லாரியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னிடம் சொல்கிறேன். ஆசிட்டில் போட்டது நான். பொய் சொன்னது நான். தெரிந்தே உன்னை அடித்தது நான், தெரிந்த பிறகும் மூன்று வருசம் வாய் திறக்காமல் இருந்தது நான். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். கேட்கிற இடத்தில்தான் இருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுக்காவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அப்பன் என்ற முறையில் ஒரு வார்த்தை உன் மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆத்திரப்படாமல் கேள். நீ என்னைக் காப்பாற்றியதாக நினைத்தாய். எனக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று, ஆகாது என்று தெரிந்த போல்ட்டைக் குனிந்து முறுக்கினாயே, அங்கேதான் ஒரு பிள்ளையின் கை முறிந்தது. என் ஆசிட்டோடு உன் மரியாதையும் அந்தச் சக்கரத்தில் இருந்தது. பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று உன்னை வளர்த்தவர்கள் நாங்கள்தான். அந்தப் பாடத்தை நீ கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டாய். வீட்டில் எனக்கு எழுந்து நில், காலில் விழு, எதிர்ப்பேச்சுப் பேசாமல் இரு, எல்லாம் சரி. சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு அப்பன், முதலாளி, வாடிக்கைக்காரர் யாரும் கிடையாது. அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் மட்டும்தான். நீ முறுக்கமாட்டேன் என்று அன்றைக்கு ஸ்பேனரைக் கீழே போட்டிருந்தால் உன்னை அடித்திருப்பேன். அந்த அடி வேறு. அதை இரண்டு பேரும் எப்போதோ மறந்திருப்போம்.

தையில் வருகிறேன். பண்ணைக்குப் போய் வந்தும் பேசாமல் இருந்த உன் அம்மா, உனக்கு எழுதுவதைப் பார்த்த பிறகு இன்றைக்குத்தான் பேச ஆரம்பித்திருக்கிறாள், பையும் எடுத்து வைத்துவிட்டாள். விளக்கை உன் மனைவி ஏற்றட்டும். அவள்மேல் என் வீட்டில் வீணாகப் பழி இருந்தது; அந்த இடம் அவளுடையது. எனக்கு உட்கார ஒரு ஸ்டூலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொடு. கை லேசாக நடுங்குகிறது, கண்ணும் முன்போல இல்லை, இருந்தாலும் நேரம் நிறைய இருக்கிறது. உன் பட்டறைக்கு வருகிற முதல் சக்கரத்து போல்ட்டை நான் கழுவித் தருகிறேன். அப்பா கழுவியது என்று அப்படியே வாங்கி மாட்டிவிடாதே. ஒவ்வொன்றாக எடுத்துப் பார். ஒன்று சரியில்லை என்றாலும், பட்டறை நிறைய ஆள் நின்றாலும், "அப்பா, இது ஆகாதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல். அதை உன் வாயால் சொல்லிக் கேட்கத்தான் நான் வருகிறேன்.

உன் அப்பன்